அழைப்புமணியில் ஒட்டிய பெயர்

அடுத்த அறையில் பிரிண்டர் கடகடவென்று தாளை இழுத்துக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் தவராசாவுக்கு நெஞ்சு நிறைந்தது. நாற்பது வருடமாய்க் கொல்ல நினைத்தவனை நேற்றுத்தான் தன் தொடர்கதையில் கொன்று முடித்திருந்தார்.

"இஞ்சருங்கோ, சுடுறதுக்கு முதல் அந்தாளை ரெண்டு பக்கத்துக்கு அழ வைச்சிருக்கிறியள்!" மனைவி சிவகௌரி உள்ளேயிருந்து கத்தினாள். "மை முடியப்போகுது."

"அழட்டும். இன்னும் அழலாம்."

தவராசா கிழக்கு பெர்லினின் ஷோனெஃபெல்ட் விமான நிலையத்தில் வந்திறங்கியபோது வயது இருபத்து நான்கு. ஜெர்மனியின் வுப்பர்டால் நகரில் முதலில் உணவகத்தில் கோப்பை கழுவினார்; பிறகு ஓய்வு பெறும்வரை ஒரே தொழிற்சாலை. இப்போது தமிழர் மாத இதழுக்குக் கதை எழுதுகிறார். இந்தத் தொடர்கதை, ஊரில் இராணுவம் ஆண்களை வரிசையில் நிறுத்திய ஒரு காலையைப் பற்றியது. ஆளைக் காட்டிக்கொடுக்க முகமூடிக்குள் நின்ற ஒருவன், 'தலையாட்டி', தலையாட்டினான். தவராசாவின் அண்ணன் நடேசனைக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பவேயில்லை. முகமூடிக்குள் இருந்தது அரியரத்தினம் என்று பிறகு ஊருக்கே தெரிந்தது. கதையிலும் அந்தப் பெயரை அப்படியே வைத்தார். தன்னால் கொடுக்கமுடிந்த தண்டனை அது ஒன்றுதான்.

மணி அடித்தது. வாசலில் முப்பத்தைந்து வயதுப் பெண். உள்ளே வந்தும் மேலங்கியைக்கூடக் கழற்றவில்லை.

"நான் மைதிலி அரியரத்தினம், அங்கிள்."

தவராசாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஊரில் ஒருவரின் பெயர் பிள்ளைகளோடு நின்றுவிடும், பேரப்பிள்ளைக்கு வராது. இங்கே அகதி விண்ணப்பத்தில் எழுதிய தகப்பன் பெயர் குடும்பப் பெயராகி, அழைப்புமணியிலும் பள்ளிக்கூட இடாப்பிலும் தலைமுறை தலைமுறையாய் ஒட்டிக்கொள்கிறது. அவர் அதை யோசிக்கவேயில்லை.

"என்ரை அண்ணான்ரை மகள் ஆதிரைக்கும் அந்தப் பேர்தான். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியிலை அவளைத் தலையாட்டி எண்டு கூப்பிடினம். ஒன்பது வயது. அதென்ன எண்டு என்னைக் கேக்கிறாள்." மைதிலி கதை வந்த இதழை மேசையில் வைத்தாள். "உண்மையோ அங்கிள்? அப்பா ஒண்டும் சொல்லாமல்தான் செத்தவர்."

"செத்திட்டாரோ?"

"போன மாசி. நுரையீரல்."

"உண்மைதான் பிள்ளை. வரிசையிலை அண்ணைக்குப் பின்னாலை நான் நிண்டனான்."

அவள் அழவில்லை. "பேர் கற்பனை எண்டு ஒரு வரி போடுவியளோ?"

"ஏலாது. என்ரை அண்ணை கற்பனை இல்லை."

"ஆதிரையும் கற்பனை இல்லை, அங்கிள்."

அச்சடித்த தாள்களோடு சிவகௌரி வந்து நின்றாள். அரியரத்தினத்துக்கென்று தவராசா ஓங்கிய கை, பார்த்தறியாத ஒரு குழந்தையின் கன்னத்தில் விழுந்திருக்கிறது. அவர் அவளிடமிருந்து ஒரு தாளை வாங்கித் திருப்பி, பின்பக்கத்தில் எழுதினார்:

'அரியரத்தினம் செய்தது அவரோடு போகட்டும். அந்தப் பெயரைத் தாங்கும் பிள்ளைகளுக்கு இதில் பங்கில்லை. அவர்களைப் பழிப்பவர்கள் என் கதையை வாசிக்கவேண்டாம்.'

"அடுத்த மாதம் முதல் பக்கத்திலை, என்ரை பேரோடை வரும். இதுக்கு மேலை என்னாலை ஏலாது."

"அப்ப சுடுற பக்கங்கள்?" சிவகௌரி கேட்டாள்.

"கிழி. ஆள்தான் செத்திட்டாரே."

மைதிலி இரண்டு தரம் வாசித்தாள். "அப்பான்ரை பேர் இதிலையும் இருக்கு."

"இருக்கும்."

"ஓம்," என்றாள் மெதுவாக. "இருக்கத்தானே வேணும்."

"தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ பிள்ளை," என்றாள் சிவகௌரி.

"இண்டைக்கு ஏலாது அன்ரி."

அவள் படியிறங்கினாள். சிவகௌரி கதவைச் சாத்தினாள்.