புகை வராத வீடு

அந்த நாளில் சுரங்கத்தில் வேலை நின்றுபோனால் கம்பெனி திரும்பிப் பார்க்காது. மேஸ்திரியும் முகம் கொடுக்கமாட்டார். சுரங்கக் கூலிகள் குடியிருந்த எங்கள் லைனில் வேலையில்லாதவர்களுக்கு இருந்த ஒரே கதி பிடியரிசிதான். ஒவ்வொரு வீட்டிலும் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியைத் தனியே எடுத்து வைப்போம். ஞாயிற்றுக்கிழமை அது கோயிலுக்குப் போகும். மறுநாள் உச்சிவேளையில் கோயில் பெரியவர் லைனைச் சுற்றி வந்து, எந்தக் கூரையில் புகை இல்லையோ அந்த வீட்டில் அரிசியைக் கொட்டிவிட்டுப் போவார். யாரும் வாய்விட்டுக் கேட்கும்படி ஆகக்கூடாது என்று செய்த ஏற்பாடு அது.

நானும் பிடியரிசி போட்டவள்தான். வாங்கும் நாள் வரும் என்று நினைக்கவில்லை.

என் வீட்டுக்காரர் சுரங்கத்தில் வேலை செய்த ஆழத்து லெவலில் தண்ணீர் ஏறியது. அவருடைய ஷிப்டையே நிறுத்திவிட்டார்கள். நந்திதுர்க் சுரங்கம் வரை நடந்து பார்த்தார். எங்கும் ஆள் எடுக்கவில்லை. வீட்டில் அரிசி தீர்ந்த அன்றும் அடுப்பு எரிய வேண்டும் என்றார். எங்களுடையவை மூங்கில் தட்டி வீடுகள், பக்கத்து வீட்டு இருமல்கூடக் கேட்கும். நாங்கள் பட்டினி என்று நாலு பேருக்குத் தெரிவதை அவரால் தாங்க முடியாது. நானும் புத்திகெட்டுப்போய்ச் சுள்ளி பொறுக்கி வந்து வெறும் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். பெரியவர் புகையைப் பார்த்துவிட்டு எங்கள் வாசலைத் தாண்டிப் போய்விட்டார்.

அடுத்த வாரத்துக்குள் எனக்குப் பால் வற்றிவிட்டது. கைக்குழந்தை அழக்கூட வலுவில்லாமல் கிடந்தாள். அந்தத் திங்கட்கிழமையும் என் வீட்டுக்காரர் அடுப்பை மூட்டச் சொன்னார், மூட்டினேன். பெரியவருடைய செருப்புச் சத்தம் எங்கள் வாசலைக் கடந்தது. எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு ஆத்திரம் வந்ததோ, ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டேன்.

"அடுப்பு எரியுதேம்மா, இன்னா வேணும்?" என்றார்.

எனக்குப் பின்னாலிருந்து என் வீட்டுக்காரர் சொன்னார்: "ஒண்ணுமில்ல ஐயா. நாங்க சாப்ட்டோம், நீங்க போங்க."

நான் உள்ளே போய்ப் பானையைத் தூக்கி வந்து தெருவில் வைத்து மூடியை எடுத்தேன்.

"பாருங்க ஐயா. வெறும் தண்ணி."

அக்கம்பக்கத்தார் எல்லாரும் வெளியே வந்து நின்றார்கள். பெரியவர் என் முந்தானையில் அரிசியைக் கொட்டினார்.

அன்று காய்ச்சிய கஞ்சியை என் வீட்டுக்காரர் தட்டியைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து குடித்தார். அதற்குப் பிறகு பல நாள் என்னோடு பேசவில்லை. அது எனக்கு வலித்தது. ஊர் பார்க்க அவருடைய மானத்தை வாங்கினவள் நான்தான், இல்லை என்று சொல்லமாட்டேன். மகள் பிழைத்துக்கொண்டாள். நான் அவரிடம் ஒருநாளும் மன்னிப்புக் கேட்கவில்லை.