றொண்டாவில் பொம்பிளை பார்த்தது

சென்ற சனிக்கிழமை ஸ்காபரோவில் ஒரு லெபனான்காரர் கடையில் போத்தல் ஒன்று தட்டிலிருந்து விழுந்து உடைந்தது. உடைத்தவள் நானில்லை. ஆனாலும் சுற்றி நின்றவர்கள் எல்லோரும் என்னைத்தான் பார்த்தார்கள். எனக்கு அப்படியொரு முகம். கடைக்காரப் பெண் துடைப்பத்தோடு வந்து, இது இனிப்புகளுக்கு விடுகிற, ஆரஞ்சுப் பூவில் வடித்த தோடம்பூத் தண்ணீர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டே துடைத்தாள். எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. அந்த மணத்தை எனக்குத் தெரியும். வாங்கப் போன கடலையை வைத்த இடத்திலேயே வைத்துவிட்டு வந்து காருக்குள் ஏறிக் கதவைச் சாத்தினேன். கார் தரிப்பிடத்தின் மூலையில் இந்த வருடத்துக் கடைசிப் பனி கறுத்துப்போய்க் கிடந்தது.

மாலகா என்ற ஸ்பானிய நகரத்தில், பதினொரு வருடங்களுக்கு முன்பு, இதே ஏப்ரல் மாதத்தில், தெருவோரமெல்லாம் தோடை மரங்கள் நின்றன. ஒரே மரத்தில் பூவும் இருக்கும், பழமும் தொங்கும். ரொறன்ரோக் குளிரிலிருந்து போய் இறங்கிய எங்களுக்கு அந்த மணம் மூக்கில் ஏறியதும் தலை சுற்றியது. அம்மா அண்ணாந்து பார்த்துவிட்டு, "உதை ஏன் ஒருத்தரும் பிடுங்கேல்லை? எல்லாம் வீணாப் போகுதே" என்று கவலைப்பட்டார். கவலைப்பட்டதோடு நில்லாமல் கைக்கெட்டிய ஒன்றைப் பிடுங்கி, தோலை உரித்து, ஒரு சுளையை வாயில் போட்டார். அதன்பிறகு அவர் முகம் போன போக்கை எழுத எனக்குத் திறமை போதாது. படுகசப்பு. அவை அழகுக்கு வைத்த மரங்களாம். தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அவன் அப்படிச் சிரித்து நான் கனகாலம் கண்டிருக்கவில்லை.

நாங்கள் ஸ்பெயினைப் பார்க்கப் போகவில்லை. தம்பிக்குப் பொம்பிளை பார்க்கப் போனோம்.

நீங்கள் சிரிக்கலாம். பெண் இருந்தது பரிஸில். பரிஸுக்கே போய்ப் பார்த்திருக்கலாம். அம்மா ஒரேயடியாக மறுத்துவிட்டார். "அவையின்ர வீட்டு வாசல்படி ஏறி, பலகாரம் சாப்பிட்டு, தேத்தண்ணியும் குடிச்சுப்போட்டு, பிறகு வேண்டாம் எண்டு எந்த வாயாலை சொல்லுறது?" என்றார். பெண்ணின் தகப்பனோ, பிள்ளையைக் கனடாவுக்குக் கொண்டுவந்து காட்ட நான் என்ன சந்தைக்கோ வாறன் என்று போனில் கேட்டாராம். இரண்டு பக்கமும் நியாயந்தான். நடுவில் நின்று தவித்த தரகர்தான் மூன்றாவது நாடு ஒன்றைச் சொன்னார். எங்கள் ஆட்களுக்கு மூன்றாவது நாட்டில் போய் இருந்து சமாதானம் பேசுவது புதிதில்லை. அது எப்படி முடியும் என்பதும் தெரியாததில்லை. ஆனாலும் எல்லோரும் ஓம் என்றோம்.

ஒழுங்கு இதுதான். இரண்டு குடும்பமும் தற்செயலாக ஒரே ஊருக்குச் சுற்றுலா வந்ததாக வைத்துக்கொள்வது. கலியாணம் என்ற சொல்லை ஒருவரும் வாயில் எடுப்பதில்லை. பதிலைப் பிறகு தரகரிடம் சொல்வது. சரிவராவிட்டால் ஊர் பார்த்ததாகப் போய்விடும். ஒருவருடைய மானமும் போகாது.

இனி என்னைப் பற்றியும் கொஞ்சம் சொல்லவேண்டும், இல்லாவிட்டால் நான் செய்தது உங்களுக்கு விளங்காது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது, தம்பிக்கு முப்பத்தெட்டு. தமக்கை வீட்டில் இருக்கத் தம்பி கலியாணம் செய்வதில்லை என்பது எங்கள் வழக்கம். என் சாதகத்தில் செவ்வாய் சப்பாணி கட்டிக்கொண்டு இருந்தது. வந்தவர்கள் வந்த வழியே போனார்கள். தம்பி பத்து வருடத்துக்கு மேல் காத்திருந்தான். ஒருநாளும் வாய்திறந்து ஒரு சொல் சொன்னதில்லை. கடைசியில் நான்தான் ஒருநாள் சாப்பாட்டு மேசையில் வைத்து, "என்னை விடுங்கோ. இனி இவனுக்குப் பாருங்கோ" என்றேன். அம்மா அழுதார். அவன் எழும்பிக் கோப்பை கழுவப் போனான். முன்பக்க முடி அப்போதே கொட்டத் தொடங்கியிருந்தது. அந்த முடியெல்லாம் என்னால்தான் கொட்டியது என்று நான் மனதார நம்பினேன்.

எனக்கு வேலை பிறம்ரனில் ஒரு கிடங்கில். வாங்கியவர்கள் திருப்பி அனுப்புகிற பெட்டிகளைப் பார்த்து, நல்லது எது உடைந்தது எது என்று பிரிக்கவேண்டும். கொஞ்சக் காலத்தில் பெட்டியைத் திறக்காமலே சொல்லப் பழகிவிட்டேன். அதனால் "அக்கா பாத்தாச் சரியாத்தான் இருக்கும்" என்று வீட்டில் ஒரு மூடநம்பிக்கை பரவியிருந்தது. பெண் விஷயத்திலும் கடைசிச் சொல் என்னுடையது என்று விட்டுவிட்டார்கள். எனக்கும் அதில் கொஞ்சம் பெருமைதான், ஏன் மறைப்பான்.

மாலகாவிலிருந்து றொண்டா என்ற மலை ஊருக்கு ஒருநாள் பயணம். பெண்ணின் பெயர் வதனி. தாய் சின்ன வயதிலேயே தவறிவிட்டார். தகப்பன் மட்டும் கூட வந்திருந்தார். அவர் உணவகத்தில் சமையல் வேலை செய்கிறவர். கை முழுக்க எண்ணெய் பட்ட தழும்பு. மலையேற வந்த மனிதர் கழுத்துப்பட்டி கட்டியிருந்தார். அதைப் பார்த்ததும் எனக்கு அவர்மேல் ஒரு இரக்கம் வந்துவிட்டது. பஸ் ஒலிவ் தோட்டங்களுக்கு நடுவால் வளைந்து வளைந்து ஏறியது. அம்மா வாந்தி வராமலிருக்க ஒரு தேசிக்காயை மூக்கில் வைத்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். தம்பி வதனிக்கு இரண்டு இருக்கை பின்னால் இருந்து மலையைப் பார்த்தான். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை என்ற பாவனையில் எல்லோரும் எல்லோரையும் பார்த்துக்கொண்டிருந்தோம்.

றொண்டா மலை உச்சியில் இருக்கிற வெள்ளை ஊர். நடுவில் ஒரு பெரிய பள்ளம் ஊரை இரண்டாக வெட்டுகிறது. இரண்டு பாதியையும் பிடித்துக்கொண்டு ஒரு உயரமான கற்பாலம். பாலத்தில் நின்று குனிந்தால் கறுத்தப் பறவைகள் எங்கள் காலுக்குக் கீழே பறக்கின்றன. பறக்கிற பறவையின் முதுகை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். அம்மாவும் வதனியின் தகப்பனும் முழங்கால் வருத்தத்தைப் பற்றிக் கதைத்துக்கொண்டு பின்னால் தங்கிவிட்டார்கள். தம்பி அவர்களைப் படம் எடுத்துக்கொண்டு நின்றான். வதனி வந்து என் பக்கத்தில் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அக்கா, உங்களிட்டை ஒண்டு கேக்கலாமா?"

"கேளும்."

"உங்கடை பக்கத்தாலை வேண்டாம் எண்டு சொல்லுவீங்களா?"

எனக்குப் பறவை மறந்துபோய்விட்டது. "ஏன்? தம்பி ஏதும் பிழையாக் கதைச்சவனா?"

"இல்லையக்கா. அவர் நல்லவர் எண்டு பாக்கவே தெரியுது. எனக்குத்தான் ஏலாது. நான் சொன்னா அப்பா உடைஞ்சுபோவார். எனக்காகத்தான் அவர் மறுகலியாணம் செய்யேல்லை. நீங்கள் வேண்டாம் எண்டா ரெண்டு நாள் கவலைப்படுவார், பிறகு விட்டிடுவார்."

"வேறை ஆரும்..." என்று தொடங்கினேன்.

"அதைக் கேக்காதேங்கோ அக்கா."

நான் கேட்கவில்லை. "சரி, நான் சொல்லுறன். நீர் யோசியாதையும்" என்றேன். சத்தியமாக அந்த நிமிடத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்து, "மெர்சி அக்கா" என்றாள்.

அதற்குப் பிறகுதான் தேத்தண்ணி. அம்மா பெண் வீட்டு வாசல் ஏறமாட்டார். ஆனால் பெண் கையால் தேத்தண்ணி வாங்கிக் குடிக்காமல் பெண் பார்த்ததாகவும் அவரால் ஒத்துக்கொள்ள முடியாது. அதனால் காலையிலேயே ஹோட்டலில் சுடுதண்ணி வாங்கி, பால்மாவும் சீனியும் போட்டு, ஒரு பிளாஸ்க் நிறையத் தேத்தண்ணி மலைக்குக் கொண்டுவந்திருந்தார். பாறை விளிம்பில் இருந்த பூங்காவில் இருப்பதற்கு ஒரு நீள வாங்கைக் கண்டதும் பிளாஸ்க்கும் கடதாசிக் கோப்பைகளும் வெளியே வந்தன. "பிள்ளை, எல்லாருக்கும் ஒருக்கா ஊத்திக் குடும்" என்றார், ஒன்றுந் தெரியாதவர் மாதிரி. சுற்றுலாப் பயணிகள் எங்களைச் சுற்றிக்கொண்டு போனார்கள்.

வதனி ஊற்றினாள். தகப்பனுக்கு, அம்மாவுக்கு, எனக்கு, கடைசியாகத் தம்பிக்கு. தம்பி எழும்பி நின்று இரண்டு கையாலும் வாங்கினான். இறுக்கிப் பிடித்ததில் கடதாசிக் கோப்பை நசிந்து அரைவாசித் தேத்தண்ணி அவனுடைய புதுச் சப்பாத்தில் ஊற்றுண்டது. வதனி சிரித்தாள். காலையிலிருந்து இறுகிக் கிடந்த முகம் அப்படியே மலர்ந்தது. பிறகு பின்னேரம் முழுக்க அவள் வேறு ஆளாக இருந்தாள். தம்பியோடு கதைத்தாள், பரிஸ் மெட்ரோவில் நடந்த பகிடிகளைச் சொன்னாள், தகப்பனின் கழுத்துப்பட்டியைக் கழற்றி அவர் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டாள். ஏன் என்று எனக்குத் தெரியும். என் சொல்லை நம்பியதால் அவளுக்கு எல்லாம் முடிந்துவிட்டது. இனி அது வெறும் ஊர் பார்க்கிற நாள்தான். மற்ற மூன்று பேரும் அந்தச் சிரிப்பைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

திரும்பும் பஸ்சில் தம்பி என் பக்கத்தில் வந்து இருந்தான். "அக்கா, ஷீ இஸ் றியலி நைஸ், என்ன?" என்றான். சப்பாத்தில் காய்ந்த தேத்தண்ணிக் கறையைத் துடைத்தபடி, "இவ்வளவு நாள் இருந்தது நல்லதுக்குத்தான் போலை" என்றான். அவன் காத்திருந்ததைப் பற்றிச் சொன்ன ஒரே வசனம் அது. அதோடு நான் முடிந்தேன்.

ஹோட்டலுக்கு வந்து சப்பாத்தைக் கழற்ற முன்னமே அம்மா கேட்டார். "என்ன சொல்லுறாய்?"

"நல்ல பிள்ளை. செய்யலாம்" என்றேன்.

சமாதானங்கள் பிறகு வந்தன. விருப்பமில்லாமல் கட்டி எத்தனை பேர் நன்றாக இருக்கவில்லை? வாழ்ந்தால் பிடித்துவிடும். உண்மையாக வேண்டாமென்றால் தகப்பனிடம் சொல்லட்டுமே, இருபத்தொன்பது வயதுப் பிள்ளை, பரிஸில் படித்தவள். இப்படியெல்லாம் நினைத்துக்கொண்டு போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் சொல்லவில்லை. எங்கள் பதிலைக் கேட்டு அவளுடைய அப்பா சந்தோசத்தில் அழுதுவிட்டார் என்று தரகர் சொன்னார். அந்த அழுகையைப் பார்த்த பிறகு அவள் எப்படிச் சொல்லியிருப்பாள்?

கலியாணம் ஸ்காபரோவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. தோழியாக நின்றவள் நான். தாலி கட்டும்போது அவள் பின்னலைத் தூக்கிப் பிடித்ததும் நான்தான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

ஒஷாவாவில் வீடு வாங்கிப் போனார்கள். பத்து வருடம். சண்டை இல்லை, சச்சரவு இல்லை. பிள்ளைகளும் இல்லை. அம்மாவைக் கடைசிக் காலத்தில் வைத்துப் பார்த்தது அவள். "மகாலட்சுமி மாதிரி ஒருத்தியைத் தெரிஞ்சு தந்தாய்" என்று அம்மா என்னை வாழ்த்திவிட்டுத்தான் கண்ணை மூடினார். என்னை அவள் முறைப்படி மச்சாள் என்றுதான் கூப்பிடுவாள். போனால் நல்ல சாப்பாடு, நல்ல உபசரிப்பு. ஆனால் அந்தப் பத்து வருடத்தில் அவளும் நானும் மட்டுமாக ஒரு அறைக்குள் இருந்ததில்லை. அவள் சமைக்கையில் நான் குசினிக்குள் போனால் அவளுக்கு வெளியே உடுப்புக் காயப்போட இருக்கும், பனி கொட்டுகிற நடு மாரியிலும்கூட. அவள் என்னை ஒருநாள் ஏசியிருந்தால் எனக்கு நல்லாயிருந்திருக்கும்.

சென்ற இலையுதிர்காலத்தில் தகப்பனுக்கு வருத்தம் கடுமை என்று பரிஸுக்குப் போனாள். அவர் இறந்து, எட்டுச் செலவுச் சடங்கு முடிந்த அடுத்த நாள் தம்பிக்கு ஒரு செய்தி அனுப்பினாள். "அப்பா இருக்குமட்டும் எண்டுதான் நினைச்சனான். உங்களிலை ஒரு பிழையுமில்லை. நான் இனி வரேல்லை." அவ்வளவுதான். தம்பி அதை எனக்கு வாசித்துக் காட்டிவிட்டு, "இருக்குமட்டும் எண்டா என்ன அக்கா?" என்று கேட்டான். நான் தேத்தண்ணி போடுகிறேன் என்று எழும்பிப் போனேன். அதன்பிறகு எத்தனையோ தரம் அவள் நம்பருக்கு அடித்துப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க என்றுதான். பிரெஞ்சில் யாரோ ஒரு பெண் பதிவு செய்த குரலில் ஏதோ சொன்னாள். பாஷை தெரியாவிட்டாலும் விளங்கியது.

போன மாதம் ஒஷாவா வீடு கைமாறியது. சாமான் கட்டி முடித்து, வெறுமையான ஹோலில் இரண்டு பேரும் நிலத்தில் இருந்து கடையில் வாங்கிய கொத்துரொட்டியைச் சாப்பிட்டோம். தம்பியின் தலையில் இப்போது முடியே இல்லை. சாப்பிட்டுக்கொண்டு இருந்தவன் திடீரென்று, "அக்கா, றொண்டாவிலை அந்தப் பாலத்திலை அவள் உன்னோடை கனநேரம் கதைச்சவள். என்ன சொன்னவள்?" என்றான்.

பதினொரு வருடமாக இந்தக் கேள்விக்கு ஆயத்தமாக இருந்தவள்தான் நான். "என்ன, ஊரைப் பற்றித்தான். பறவையைப் பற்றி" என்றேன்.

"அண்டைக்கு அவள் சந்தோசமாத்தானே இருந்தவள்? தேத்தண்ணி ஊத்தேக்கை எப்பிடிச் சிரிச்சவள். மற்ற நாளெல்லாம் போகட்டும் அக்கா. அந்த ஒரு நாள் அவள் என்னோடை சந்தோசமா இருந்தவள், என்ன?"

அவன் சாப்பிடாமல் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஓம்" என்றேன். "நல்ல சந்தோசமா இருந்தவள்."

அவன் தலையை ஆட்டிவிட்டு மறுபடி சாப்பிடத் தொடங்கினான். அந்தப் பாலத்தில் என்ன நடந்தது என்று தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே இரண்டு பேர். ஒருத்தி இப்போது எங்கே இருக்கிறாள் என்று தெரியாது. மற்றவள் அன்று மத்தியானம், கொத்துரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு, அப்படி ஒன்று நடக்கவேயில்லை என்று சொல்லிவிட்டாள்.