இரண்டு சொட்டு எண்ணெய்

“மூச்சு வுடாத” என்று கடையில் உதவிக்கு இருக்கும் என்னை அதட்டிவிட்டு, ஓடுகிற ஹார்ட் டிஸ்க்கைக் காதோரம் பிடிக்கிறார் கோகுலகிருஷ்ணன். திருப்பதியில் மாடிக்கடை, சொந்த ஊர் நகரி. கெட்டுப்போன டிஸ்க்குகளிலிருந்து படங்களை மீட்டுத் தருவது தொழில். “உள்ள ஒரு தலை கீது. வழிய வுட்டு மயிரிழ நகர்ந்தாலும் படிக்காது. அதட்டக் கூடாது. இப்டி கொஞ்சம், அப்டி கொஞ்சம் தள்ளி வெச்சி, திரும்பப் படின்னு கெஞ்சணும்.”

டிஸ்க்கிடம்தான் இந்தக் கெஞ்சல். மனிதர்களிடம் கிடையாது. “தொறந்தியா? மூத தீசாவா?” என்று தமிழ், தெலுங்கு இரண்டு மொழியிலும் விளாசுவார். மூடியைத் திறந்து பார்த்ததாக ஒப்புக்கொண்ட ஒரு கல்லூரிப் பேராசிரியர், வசவு தாங்காமல் செருப்பை மறந்துவிட்டு இறங்கிப் போனார்.

ஒரு நாள் சுந்தரியும் அவள் கணவன் திருமலையும் வந்திருந்தார்கள். விசைத்தறியில் சுந்தரியின் வலக்கை விரல்கள் மூன்று போய்விட்டன. விபத்து நடந்த அன்றைக்கு அவள் வேலைக்கே வரவில்லை என்று தறிக்கொட்டகை முதலாளி கூசாமல் சாதிக்கிறார். அவள் உள்ளே போனது எதிர்க்கடைக் கேமராவில் பதிவாகியிருந்தது; அந்தக் கேமராவின் டிஸ்க்கைத்தான் கொண்டுவந்திருந்தார்கள். திங்கட்கிழமை சித்தூரில் நஷ்டஈட்டு விசாரணை. வேறு சாட்சி இல்லை. உடன் வேலை செய்தவர்களுக்கெல்லாம் திடீரென்று கண் தெரியாமல் போயிருந்தது.

கோகுலகிருஷ்ணன் அரைநாள் கெஞ்சிப் பார்த்தார். ஒன்றும் வரவில்லை. கையுறை மாட்டி, கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியைத் திறந்தார். கையுறை விரலால் உள்ளே தடவிப் பார்த்துவிட்டுத் திருமலையை முறைத்தார்.

சுந்தரி தண்ணீர் குடிக்க வெளியே போயிருந்தாள். தறி மெக்கானிக்கான திருமலை குரலைத் தாழ்த்தினான். “டக்கு டக்குனு அடிச்சிக்கினே இருந்திச்சி சார். தறிக்கு வுடற மாதிரி ரெண்டு சொட்டு எண்ணெ வுட்டேன். அவளுக்குத் தெரியாது.”

“அப்டியே எத்துக்கினு வந்திருந்தா எடுத்திருப்பேன்யா” என்றார். அவ்வளவுதான். பொய் சொன்ன முதலாளிக்கு இனி ஒரு குறையும் இல்லை. உதவி செய்ய நினைத்தவன் கையாலேயே அவர் காரியம் முடிந்துவிட்டது. வழக்கமான வசவுக்காகக் காத்திருந்தேன். அது வரவில்லை.

சுந்தரி உள்ளே வந்தாள். “கெடைக்குமாண்ணா?”

“இல்லம்மா. பழைய டிஸ்க்கு. இங்க வர்றதுக்கு முன்னாடியே தானா கெட்டுப் பூட்டுது.”

அவள் டிஸ்க்கையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, “இவரு ராப்பகலா அலைஞ்சாருண்ணா” என்றாள்.

கோகுலகிருஷ்ணன் எண்ணெய் பட்ட கையுறையை உட்புறம் வெளியே வரும்படி உரித்தார். குப்பைக்கூடை சுந்தரியின் காலருகே இருந்தது. கையுறையைச் சுருட்டித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.