மாதா படத்துக்கு அந்தப் பக்கம்

தாராவியில் நாங்கள் இருந்த ஒற்றை அறை வீட்டில் என் மகனுக்கு நான் மட்டும் அம்மா இல்லை. நான் வேலைக்குப் போனால் என் மதினி, வீட்டுக்காரரின் அக்கா, பார்த்துக்கொள்வாள். மதினி தண்ணீர் பிடிக்கப் போனால் எதிர்வீட்டு அக்கா தூக்கிக்கொள்வாள். அவனுக்கு மூக்கு ஒழுகினால் மூன்று பேருக்கும் தூக்கம் போய்விடும்.

இரண்டு வயதில் ஒரு சளிக்கு, ராத்திரி ஒரு வேளை மட்டும் என்று டாக்டரம்மா சிரப் எழுதினார். எதிர்வீட்டு அக்கா முதலில் கொடுத்தாள். சொன்னால் மதினி கோபிப்பாள் என்று வாயைத் திறக்கவில்லை. மதினி கொடுத்துவிட்டு ஜெபமாலைக்குப் போய்விட்டாள். லோக்கல் ரயிலில் நெரிபட்டு வந்த நானும் கொடுத்தேன்.

காலையில் அவன் எழவில்லை. உலுக்கினால் கண்ணைத் திறந்து மறுபடி மூடினான். மூவரும் அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினோம்.

"அம்மா மட்டும் உள்ளே" என்று கிளினிக் வாசலில் தடுத்தார்கள். டாக்டரம்மா மாட்டுங்காவில் குடியிருக்கும் ஐயர் வீட்டு அம்மா. "மூணு பேரும் வரட்டும்" என்றார். குழந்தையைப் பார்த்ததும், "ராத்திரி யார் மருந்து குடுத்தேள்?" என்று கேட்டார்.

"நாந்தான்" என்றேன்.

"நானும் குடுத்தேன்" என்றாள் மதினி.

எதிர்வீட்டு அக்கா அழுதேவிட்டாள். "அவுகளுக்கு முந்தி நானும் குடுத்துட்டேன், டாக்டரம்மா."

அவர் யாரையும் திட்டவில்லை. பெரிய ஆஸ்பத்திரிக்குத் தானே போன் செய்து, விவரம் சொல்லி எங்களை அனுப்பினார். சாயங்காலம் அவன் எழுந்து பிஸ்கட் கேட்டான். எங்களுக்கு உயிர் வந்தது.

அடுத்த வாரம் வீட்டுக்காரரையும் சேர்த்து எல்லோரையும் கூப்பிட்டார். "ஆத்துல எல்லார் கண்ணும் படற எடம் எது?"

"மாதா படம்" என்றாள் மதினி.

டாக்டரம்மா சொன்ன ஏற்பாடு இதுதான்: மருந்து கொடுத்தவர் குப்பியைப் படத்துக்கு அந்தப் பக்கம் மாற்ற வேண்டும். விடிந்ததும் நான் இந்தப் பக்கம் வைக்க வேண்டும். அன்றிலிருந்து யார் உள்ளே நுழைந்தாலும் முதலில் படத்தைத்தான் பார்த்தோம். மாதாவே எங்கள் பக்தியை நம்பியிருக்க மாட்டாள்.

இப்போது நவி மும்பையில், வாஷியில் இருக்கிறோம். மதினி ஊரோடு போய்விட்டாள். இங்கே எதிர்வீட்டுக் கதவு சாத்தியே கிடக்கிறது. வீட்டுக்காரர் வேலை முடிந்து வருவதற்குள் மகன் தூங்கிவிடுகிறான். போன வாரம் அவனுக்குச் சளி. மருந்தைக் கொடுத்துவிட்டு, குப்பியை மாதா படத்துக்கு அந்தப் பக்கம் வைத்தேன். எனக்கு முன்னால் வேறு யாராவது கொடுத்திருக்கக் கூடாதா என்றிருந்தது.

காலையில் நானே எடுத்து இந்தப் பக்கம் வைத்தேன்.