மூன்று பால்டின்னும் ஒரு கொம்புப் பூச்சியும்

என் மனைவிக்குக் கண் சரியில்லை என்று தோட்டத்தில் வேலை வாங்குகிற தண்டல் சொன்னான். அதனால்தான் நான் பூச்சிகளைப் படம்பிடிக்க ஆரம்பித்தேன். ரசனை, கலை என்று எவனாவது என்னிடம் பேச வந்தால் இதைத்தான் சொல்வேன்.

மலாயாவில் வெள்ளைக்காரன் கம்யூனிஸ்டுகளோடு சண்டை போட்ட எமர்ஜென்சி காலம். லிங்கிப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி, ஒரே ஒரு கதவு, கதவில் துப்பாக்கியோடு ஒரு காவல்காரர். மரம் வெட்ட, அதாவது பட்டை சீவிப் பால் எடுக்க, போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. காட்டில் ஒளிந்திருப்பவர்களுக்குப் போய்விடுமாம். கட்டிப்பால் அடைத்த பால்டின் வாங்கினால் பதுக்க முடியாதபடி கடையிலேயே ஆணியால் குத்தித்தான் தருவார்கள். எங்கள் கடைக்காரர் பயந்தவர். மூடியில் ஒன்று, பக்கத்தில் ஒன்று என்று இரண்டு குத்து குத்துவார்.

நான் தோட்டத்து ஆலையில் இஞ்சின் பார்க்கிறவன். என் மனைவி பால்மரம் வெட்டுகிறவள். ஒருநாள் அவளுக்கு ஒதுக்கிய மரவரிசையான நிரையில், ஒரு மரத்தின் அடியில் விட்ட இளங்கிளையில், நெல்லைவிடச் சின்னதாக ஒரு பூச்சியைப் பார்த்திருக்கிறாள். அதன் தலையில் எருமைக்கு இருப்பதுபோல இரண்டு கொம்பு. பால் நிறுக்கும் இடத்தில் அதை வாய்விட்டுச் சொல்லியும் விட்டாள்.

“ஏய் கொம்புக்காரி, இன்னைக்கு மரத்துல கறந்தியா, எருமையில கறந்தியா?”

“தள்ளி நில்லுடி, முட்டிடப் போவுது!”

பெண்களின் கேலியை அவள் தாங்கிக்கொண்டாள். தண்டல் சொன்னதுதான் தாங்க முடியாதது.

“கண்ணு மங்குனா இப்படித்தான் இல்லாததெல்லாம் தெரியும். கத்தி ஆழமா எறங்கி மரம் கெட்டுப்போனா தொரைக்கு யாரு பதில் சொல்றது? அடுத்த மாசத்துலேருந்து நீ புல்லு வெட்டப் போ.”

அந்தத் தோட்டத்தில் அவள் அளவுக்கு மெல்லிசாகப் பட்டை சீவுகிறவர்கள் யாரும் இல்லை. அன்று வீட்டில் அவள் அழவில்லை. சட்டியைத்தான் ஓட்டை விழுகிறமாதிரி தேய்த்தாள். “நான் பாத்தேங்க” என்றாள். நான் நம்பினேன். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னிடம் ஒரு பொய் சொன்னதில்லை. உண்மையைச் சொல்லித்தான் என் உயிரை வாங்குவாள்.

பூச்சியைப் பிடித்துக் காட்டலாம் என்றால் கை கிட்டே போனதும் துள்ளி மறைந்துவிடும். அப்போதுதான் என்னிடம் கிடந்த கேமரா ஞாபகம் வந்தது. துரை பங்களாச் சமையல்காரருக்கு ஸ்டவ் பழுது பார்த்துக் கொடுத்ததற்கு, அங்கே தூக்கிப்போட்ட கேமராவை அவர் எனக்குக் கொடுத்திருந்தார். முன்னால் இழுத்தால் நீளும் தோல் மடிப்பைக் கரப்பான் தின்றிருந்தது. லென்ஸ் நன்றாகத்தான் இருந்தது. லென்ஸ் ஃபிலிமைவிட்டுத் தள்ளிப்போகப் போகச் சின்னப் பொருள் பெரிதாக விழும் என்று எனக்குத் தெரியும். தோலை அறுத்தெறிந்தேன். மூன்று பால்டின்களின் இரு முனையையும் வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக ஈயம் வைத்துப் பற்றவைத்து, உள்ளே கரி பூசி, அந்தக் குழாயை நடுவில் பொருத்தினேன். முன்னால் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். கம்பி நுனி எங்கே படுகிறதோ அந்த இடம்தான் தெளிவாக விழும்.

கதவில் காவல்காரர் டின்களைத் தடவிப் பார்த்தார். “குத்து ஒண்ணு, ரெண்டு, மூணு. சரி, போலாம்.”

எட்டுப் படம் எடுத்தேன். சிரம்பான் பட்டணத்தில் ஒரு சீனர் படக்கடை வைத்திருந்தார். கழுவி வந்த ஃபிலிம் முழுக்கக் கரிக்கட்டை. கடை அதிரக் கத்தினேன். “லு தா பண்டாய் சுச்சி காம்பார்!” உனக்குப் படம் கழுவத் தெரியாது என்று அவருக்குப் புரிகிற மலாயில்தான் கத்தினேன். அவர் என் கேமராவை வாங்கினார். கேமராவின் பின்பக்கத்தைத் திறந்து டார்ச் லைட்டை உள்ளே அடித்தார். சுவரில் மூன்று பொட்டு வெளிச்சம் விழுந்தது.

“இனி லுபாங் அப்பா?” என்றார். இது என்ன ஓட்டை?

இஞ்சினில் மயிரிழை விரிசலைக் கண்டுபிடிக்கிறவன் நான். வெளிச்சம் புகுந்து ஃபிலிமைக் கெடுத்த, பால்டின்னில் ஆணி போகும் ஓட்டை என் கண்ணில் படவில்லை. எங்களுக்குப் பால்டின் என்றால் ஓட்டையோடுதான் இருக்கும். அதை ஓட்டை என்றே யாரும் நினைப்பதில்லை. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். மன்னிப்பு கேட்டேன். எனக்கு அது பழக்கமில்லை.

ஓட்டைகளை ஈயத்தால் அடைத்தேன். மறுநாள் கதவில் காவல்காரர் மறித்தார்.

“குத்து எங்க? குத்து இல்லாத டின்னு வெளிய போவாது.”

“இதுல பால் இல்லய்யா, வெறும் காத்து!”

“காத்தா இருந்தாலும் குத்தணும். ரூலு.”

துரையையும் ரூலையும் சேர்த்துத் திட்டிவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். ஈயத்தை நோண்டி எடுத்துவிட்டு, மரத்தில் காய்ந்து ஒட்டியிருக்கும் ஒட்டுப்பாலை உருட்டி மூன்று அடைப்பான் செய்தேன். கதவில் பிடுங்கிக் காட்டுவது, தாண்டியதும் அடைத்துவிட்டு ஃபிலிமைப் போடுவது. காவல்காரருக்கும் திருப்தி, எனக்கும் திருப்தி.

மரநிழலில் வெளிச்சம் போதவில்லை. கிளைக்கு அந்தப் பக்கம் நின்று என் மனைவி முகம் பார்க்கும் கண்ணாடியால் வெயிலைத் திருப்பி விட்டாள். நான் பால்வாளியைக் கவிழ்த்து அதன்மேல் கேமராவை வைத்து, தரையோடு தரையாகக் கிடந்தேன். கொசு பிடுங்கியது.

“கண்ணாடிய ஆட்டாத!”

“என் கை ஆடல. உங்க வாய்தான் ஆடுது. பூச்சி பயப்படுது.”

கம்பி நுனிக்கு நேரே பூச்சி உட்கார்ந்திருந்தது. இரண்டு கொம்பு. பின்னால் ஒரு எறும்பு அதைத் தட்டித் தட்டி, அது விட்ட ஒரு துளித் தேனைக் குடித்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினேன். அந்த மாதிரி ஒரு சந்தோஷம் எனக்கு அதுவரை கிடைத்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை என்று அவளிடமே சொன்னேன். கண்ணாடி வெளிச்சத்தை என் முகத்தில் அடித்தாள்.

படத்தில் பூச்சி கட்டைவிரல் அளவுக்கு விழுந்திருந்தது. பால் நிறுக்கும் இடத்தில் எல்லாரும் பார்க்கிறபடி நீட்டினேன்.

“அடியே, நெசமாவே கொம்புடி!”

தண்டல் படத்தை வாங்கிக் கையை நீட்டிப் பார்த்தான். இன்னும் நீட்டினான். “எங்க கொம்பு?”

“தண்டலு, ஒங்க கை பத்தலன்னா நான் வாங்கிட்டுப் போயி அந்த மரத்துகிட்ட நிக்கவா?” என்றாள் ஒருத்தி. எல்லாரும் சிரித்த சிரிப்பில் அவன் படத்தை என் கையில் திணித்தான். “சரி சரி, அவ மரமே வெட்டட்டும்.”

அப்போதுதான் என் மனைவி படத்தை வாங்கி உற்றுப் பார்த்தாள்.

“இது அது இல்லங்க.”

“வாய மூடு” என்றேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

“கண்ணாடி புடிச்சிக்கிட்டு அந்தப் பக்கம் நின்னேன், அப்பத் தெரியல. நான் பாத்ததுக்குக் கொம்பு பின்னால வளைஞ்சிருக்கும். இதுக்கு நேரா நிக்குது. இது வேற பூச்சி.”

தண்டல் அடுத்தவளின் வாளியை நிறுக்கத் திரும்பினான். அவ்வளவு துல்லியமாகப் பார்க்கிறவளைக் கண் தெரியாதவள் என்று அதற்குமேல் எப்படிச் சொல்வது?

அந்த வாரமே இன்னொரு ஃபிலிம் வாங்கினேன். அதன்பிறகு எத்தனையோ பூச்சிகளைப் படம்பிடித்தாயிற்று. அவள் பார்த்தது மட்டும் இன்னும் அகப்படவில்லை. ஆனால் அது இருக்கிறது. அவள் பார்த்தாள்.