கபார் பாய் கேட்ட கியர்பாக்ஸ்

மந்தாரக்குப்பத்தில் கபார் பாயைப் பற்றி யாரிடம் விசாரித்தாலும் ஒரே பதில்தான் வரும். "இன்ஜின மாத்துனாரு, தப்பான கியர்பாக்ஸப் போட்டு வண்டியக் கெடுத்துகினாரு." சுத்தப் பொய். அந்தப் பொய்யை ஊர் முழுக்கப் பரப்பியவன் நான்தான். என் பெயர் சோமசுந்தரம். கடைத்தெருவுக்குப் பின்னால் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறேன். இருபத்திரண்டு வருஷ அனுபவம். அந்த அனுபவத்தைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டும்.

அவருடைய முழுப்பெயர் அப்துல் கபார். வயது ஐம்பத்தாறு. வாலிபத்தில் பதினோரு வருஷம் நிலக்கரிச் சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். ஓடுகிற பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் கரியை மண்வெட்டியால் வாரிப் போடுகிற வேலை. பர்மனென்ட் ஆக்குகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பும்போதெல்லாம் லிஸ்ட்டில் தன் பெயரைத் தேடுவார். கடைசிவரை வரவில்லை. முதுகு போனதும் ஒரு பழைய வேனை வாங்கி, தன்னோடு மண்வெட்டி பிடித்தவர்களையே ஷிஃப்டுக்கு ஏற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார்.

பதினேழு வருஷம் அதுதான் அவர் பிழைப்பு. விடியற்காலை ஐந்து மணிக்கு முதல் ட்ரிப், இருபது பேர். ஆறு மணிக்குள் கேட்டில் இருக்கிற மெஷினில் விரல் வைத்தாக வேண்டும். ஒரு நிமிஷம் தவறினாலும் அன்றைய வேலை போச்சு. பாயின் வண்டியில் ஏறினால் அந்தக் கவலை இல்லை என்று ஜனங்களுக்கு நம்பிக்கை. அவருக்கும் அதில்தான் பெருமை. பிள்ளைகுட்டி கிடையாது. வீட்டில் அவரும் அவர் மனைவி தாஜ் பீவியும் மட்டும்.

போன தை மாதம் வேனின் இன்ஜினில் விரிசல் விட்டது. ஒட்டி ஒப்பேற்றுகிற விரிசல் இல்லை. பண்ருட்டியில் பழைய வண்டிகளை உடைக்கிற இடத்துக்கு நானும் பாயும் போனோம். மோதி நசுங்கிய ஒரு சின்ன லாரியின் இன்ஜின் கிடைத்தது. நல்ல இன்ஜின், பழையதைவிட வலு. அதோடு அதன் ஐந்து கியர் பெட்டியும் வந்தது. தகராறு அங்கேதான் ஆரம்பம்.

"இந்த இன்ஜினுக்கு இந்தப் பெட்டிதான் பாய். அப்படியே மாட்டுனா உக்காந்துக்கும்" என்றேன்.

"அது பெரிய ரோட்டுல பறக்கறதுக்குச் செஞ்சது சோமு. ஃபர்ஸ்ட் கியர்லயே வேகம் கேக்கும். நான் நூறடிக்கு ஒருக்கா நின்னு ஆள் ஏத்தறவன். மைன்ஸ் மேட்டுல இருவது பேரோட நின்னுட்டா அது கெளம்பாது. என்னோட நாலு கியரு பெட்டியவே போடு. மெதுவாப் போனாலும் இழுக்கும்."

"உங்க பெட்டி இதுல உக்காராது பாய்."

"நடுவுல ஒரு தகடு கடைஞ்சி போடேன்."

எனக்குச் சுருக்கென்றது. ஸ்டியரிங் பிடிக்கிறவர் எனக்குப் பாடம் எடுப்பதா? ஆனாலும் வண்டி அவருடையது. வடலூரில் ஒரு லேத்துப் பட்டறையில் கனமான தகடு கடைந்து வந்து, முணுமுணுத்துக்கொண்டே மாட்டினேன். தகட்டின் ஓட்டைகள் நேராக வராமல் ஒரு நாள் முழுக்க என் உயிரை வாங்கின. வேலை முடிய ஆன பத்து நாளும் பாயின் ட்ரிப்பை வேறொரு வேன்காரர் ஓட்டினார். கான்ட்ராக்டரின் சூப்பர்வைசர் ராஜ்மோகன் அப்போதே சொல்லிவிட்டான்.

"பாய், வண்டி வந்தப்புறம் மூணு நாள் லேட்டாச்சின்னா ட்ரிப் அந்த வண்டிக்கே போயிடும். அப்புறம் வருத்தப்படக் கூடாது."

காலி வண்டியாக ஓட்டிப் பார்த்தபோது ஜோராகப் போனது. ஆட்களை ஏற்றியதும் மானம் போய்விட்டது. முதல் நாளே ஏழு நிமிஷம் லேட், இருபது பேரும் வேலை இல்லாமல் திரும்பினார்கள். மறுநாள் நானும் பாயின் பக்கத்தில் உட்கார்ந்து போனேன். சுரங்க மேட்டில் பாதி ஏறும்போதே வண்டி கருப்புப் புகையைக் கக்கிக்கொண்டு ஊர்ந்தது. பாய் ஆக்சிலேட்டரை அடியோடு மிதித்திருந்தார். பின்னாலிருந்து யாரும் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. குப்பை பெருக்கப் போகிற செங்கமலம்தான் முதலில் இறங்கினாள்.

"பாய், நாங்க நடந்துகினே வரோம். நீங்க மேல போயி நில்லுங்க" என்றாள்.

ஒவ்வொருவராக இறங்கினார்கள். சோற்றுத் தூக்கோடு இருபது பேர் மேட்டில் நடக்க, காலி வண்டி அவர்களுக்கு முன்னால் போனது. பாய் கண்ணாடியில் அவர்களைப் பார்த்துக்கொண்டே ஓட்டினார். அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றும் லேட்தான். ஷெட்டுக்கு வந்து ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டினேன். எங்கள் ஊரில் எந்த வண்டி இழுக்காவிட்டாலும் முதல் பழி அனல்மின் நிலையத்திலிருந்து பறந்து வருகிற சாம்பல் மேல்தான். ஃபில்டர் சுத்தமாக இருந்தது. டீசல் பம்பைப் பார்த்தேன், நாசிலைப் பார்த்தேன். கோளாறு இல்லை. கியர் தப்பென்றால் இன்ஜின் இப்படித் திணறிக் கருப்புப் புகை கக்காது. காற்று போதாத இன்ஜின்தான் கக்கும். ஃபில்டரை அடுத்துப் பார்க்க வேண்டியது அதற்குப் பின்னால் போகிற காற்றுக் குழாய். தொழில் தெரிந்த எவனும் பார்த்திருப்பான். நான் பார்க்கவில்லை. பாயின் பெட்டி தோற்க வேண்டும் என்று என் மனசுக்குள் ஓர் ஆசை உட்கார்ந்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அதுதான் உண்மை.

டீக்கடையில் நாலு பேர் காதில் விழும்படி, "நான் சொன்னதக் கேட்டாதானே? பழைய பெட்டி, பழைய பெட்டின்னு பிடிவாதம்" என்றேன். பாய் டம்ளரைக் கீழே வைத்தார்.

"சரி சோமு. நீ சொன்னதையே மாட்டிடு" என்றார்.

அடுத்த நாள் வாரலீவு; அன்றைக்கே ஐந்து கியர் பெட்டியை மாட்டினேன். மறுநாள் காலை, அவர் சொன்னபடியே, சுரங்க மேட்டில் முன்னால் போன லாரிக்காக ஒரு நிமிஷம் நின்ற வண்டி பிறகு நகரவில்லை. நாலு தடவை இன்ஜின் அணைந்தது. பின்பக்கமாகச் சரிய ஆரம்பித்ததும் எல்லோரும் குதித்து ஓடினார்கள். ஒருவருக்கும் அன்றும் விரல் பதியவில்லை. இருபது பேருக்கும் வேலை இல்லை. போன் வந்து நான் பைக்கில் கேட்டுக்குப் போனபோது பாய் ராஜ்மோகன் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

"சோமு மொதல்லயே சொன்னான் தம்பி, நான்தான் கேக்காம பழைய பெட்டியப் போட்டு இன்ஜினக் கெடுத்துட்டேன். தப்பு என்னோடது" என்றார்.

நான் வாயைத் திறக்கவில்லை. உள்ளுக்குள் கொஞ்சம் குளிர்ந்ததுகூட. நாசமாய்ப் போன மனசு! அது மூன்றாவது லேட். ட்ரிப் அன்றைக்கே கைமாறியது.

வேனை என் ஷெட்டில் விட்டு, விற்றுக் கொடுக்கச் சொல்லிவிட்டுப் போனார். மூன்று வாரம் கழித்துப் பார்ட்டி ஒன்று பார்க்க வருகிறதென்று இன்ஜினைத் துடைத்தேன். காற்றுக் குழாயைக் கழற்றினேன். வளைவில் ஒரு துணி உருண்டை மாட்டிக்கொண்டிருந்தது. நீலக் கட்டம் போட்ட என் பழைய லுங்கிக் கிழிசல்.

இங்கே இன்ஜினை இறக்கித் தரையில் வைத்தால், சாம்பல் விழாமலிருக்க அதன் எல்லாக் குழாய் வாயிலும் துணி அடைப்போம். மாட்டும்போது எண்ணிப் பார்த்து ஒவ்வொன்றாக உருவுவோம். அன்றைக்குத் தகட்டோடு மல்லுக்கட்டிய கோபத்தில் நான் எண்ணவில்லை. இன்ஜின் மெதுவாக ஓடும்போது அந்தத் துணி காற்றுக்கு வழிவிட்டது, பாரம் இழுக்கும்போது அடைத்துக்கொண்டது. அவ்வளவுதான் வியாதி.

வந்த பார்ட்டியைத் திருப்பி அனுப்பினேன். இரண்டு நாள் உட்கார்ந்து பாயின் நாலு கியர் பெட்டியையே திரும்ப மாட்டினேன். சுரங்க மேட்டுக்கு ஓட்டிப் போய், நடுவில் நிறுத்திக் கிளப்பினேன். ஒரு பொட்டுப் புகை இல்லை. மேட்டின் உச்சியில் வண்டியை ஓரங்கட்டி அழுதேன்.

சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ராஜ்மோகன் இரக்கப்பட்டுப் பாய்க்கு வேலை போட்டுக் கொடுத்திருந்தான். அதே பெல்ட், அதே மண்வெட்டி. பாய் குப்புறப் படுத்திருக்க, தாஜ் பீவி அவர் முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். துணியைத் தரையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். டீக்கடைப் பேச்சைக்கூட மறைக்கவில்லை.

தாஜ் பீவி தைல பாட்டிலை மூடினார். "ஊரே இவர முட்டாள்னு சொல்லிச்சே, அப்பல்லாம் எங்க போயிருந்தீங்க? இந்த வயசுல மறுபடியும் மண்வெட்டி புடிக்க வச்சிட்டீங்களே, நல்லா இருப்பீங்களா?" என்று கத்தினார். நல்லா இருக்க மாட்டேன்தான்.

"வுடு தாஜு" என்றார் பாய். திரும்பாமலேயே என்னிடம் கேட்டார்.

"இப்ப இழுக்குதா?"

"இழுக்குது பாய். உங்க பெட்டியவே மாட்டிட்டேன். மேட்டுல நிறுத்தி எடுத்தேன், ஜம்முனு ஏறுது."

"எத்தினி பேர ஏத்திப் பாத்த?"

"யாரும் இல்ல. நான் மட்டுந்தான்."

பாய் கையை நீட்டித் துணியை ஓரமாகத் தள்ளினார்.

"காலி வண்டி அன்னிக்குந்தான் ஏறிச்சி சோமு. இருவது பேரோட ஏறணும். அவங்கெல்லாம் இப்ப வேற வண்டில போறாங்க. அந்த இருவதோட இருவத்தொண்ணா நானும் அதுலதான் ஏறிப் போறேன்."