தலைமுழுகிய தம்பி

அந்தமானில் ரங்கத் என்ற ஊரில் பள்ளிக்கூடச் சமையல் வேலை பார்க்கும் அழகம்மாவுக்கு உறவு என்று சொன்னால் நீளும். சிலோனிலிருந்து கப்பலேறி கச்சால் தீவு ரப்பர் தோட்டத்துக்கு வந்த பெருமாளின் மகள் அவள். ஈஸ்வரனுக்குத் தங்கை, முத்துராஜுக்கு அக்கா. தாய் போனபோது முத்துராஜுக்கு இரண்டு வயது. அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே பால்மரம் கீறினாள்.

அந்த முத்துராஜ்தான் குடிவெறியில் ஒரு பாக்குத்தோட்டக்காரரையும் அவர் மனைவியையும் வெட்டிக் கொன்றான். அவன் செய்யவில்லை என்று அழகம்மா ஒருநாளும் சொன்னதில்லை. கீழ்க்கோர்ட்டு தூக்கு என்றது. அன்றே ஈஸ்வரன் சனத்தைக் கூட்டி, எழவு வீட்டில் குளிப்பதுபோல ஆளுக்கொரு குடம் தலையில் ஊற்றச் சொன்னான். அழகம்மாவும் ஊற்றினாள். மகள் சௌமியாவுக்குப் போர்ட் பிளேர் ஹேடோவிலிருந்து சம்பந்தம் பேசி வந்த நேரம் அது.

ஹைகோர்ட்டு ஒப்புக்கொண்டால்தான் தூக்குப் போட முடியும். கைதிக்குக் குடும்பம் உண்டா, திருந்த வழி உண்டா என்று பார்த்து வர ஒரு அதிகாரியை அனுப்பினார்கள். அவர் வாசலுக்கு வந்தபோது உள்ளே மாப்பிள்ளை வீட்டார் காபி குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முத்துராஜ் ஆப் கா பாயீ ஹை?" முத்துராஜ் உன் தம்பியா என்று இந்தியில் கேட்டார்.

"நஹி ஸாப். எனக்குத் தம்பியே கிடையாது."

அவர் எழுதிக்கொண்டு போனார்.

ஆறு மாதம் கழித்து இலவச வக்கீல் உமா மகேஸ்வரி போன் போட்டாள்.

"அக்கா, அவருக்குச் சொந்தம்னு ஒருத்தரும் இல்லன்னு ரிப்போர்ட் வந்திருக்கு. அரசாங்க வக்கீல் அதத்தான் பிடிச்சுத் தொங்குறார். சொன்னது நீங்கன்னு பேரே போட்டிருக்கு."

"நான் என்னம்மா செய்யணும்?"

"வளத்தது நான்தான், அன்னைக்குச் சொன்னது பொய்னு எழுதிக் குடுக்கணும். கோர்ட்டுல எல்லார் முன்னாடியும் படிப்பாங்க."

கல்யாணத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது. விஷயம் தெரிந்து ஈஸ்வரன் வந்து நின்றான்.

"கொலகாரனுக்கு அக்காவா நீ, கல்யாணப் பொண்ணுக்கு ஆத்தாவா? ஒண்ணு சொல்லு."

"ரெண்டும் நான் தூக்கி வளத்ததுதாண்ணே."

"அப்ப ரெண்டையும் கட்டிக்கிட்டு நீயே அழு!"

முதல் பஸ்ஸில் போர்ட் பிளேர் போய்க் கைநாட்டு வைத்தாள். கோர்ட்டு வாசலில், செத்தவர்களின் மகன் அவளைப் பார்த்துக் காறித் துப்பினான். துப்பட்டும், அவனுக்கு நியாயம் உண்டு என்று நினைத்துக்கொண்டாள். அவள் ரங்கத்துக்குத் திரும்பும் முன்பே ஹேடோக்காரர்கள் போனில் சம்பந்தத்தை முறித்துவிட்டார்கள். "ஒனக்கு ஒந்தம்பிதான வேணும், வச்சுக்க," என்று சொல்லிவிட்டுத் துணிக்கடை வேலைக்குப் போன சௌமியா இன்றுவரை தாயிடம் பேசுவதில்லை.

ஹைகோர்ட்டு தூக்கை ரத்து செய்து, சாகும்வரை சிறை என்றது. அழகம்மா பார்க்கப் போனாள். கம்பிவலைக்கு அந்தப் பக்கம் முத்துராஜ் கொஞ்சம் சதை போட்டிருந்தான்.

"சௌமியா கல்யாணம் முடிஞ்சிருச்சாக்கா?"

"முடிஞ்சுது."

"கூட்டமா?"

"மூணு பந்தி."

"மாப்பிள்ள?"

"தங்கம்."

"எம்பேர எவனும் இழுக்கலேல்ல?"

"எவன் இழுப்பான்?"

"நான்கூட பயந்தேன்," என்று சிரித்தான். அந்தக் கன்னத்தில் ஓங்கி ஒன்று வைக்க வேண்டும்போல் இருந்தது அழகம்மாவுக்கு. வலைக்குள் விரல்கூட நுழையவில்லை.